டே ஸ்காலர் கல்லூரியில் ஃப்ராட்டர்னிட்டி நடத்துவது எப்படி: முதல் ஆளைச் சேர்ப்பதிலிருந்து பழைய ஆட்களைத் திரும்ப அழைத்து வருவது வரை

அமெரிக்கக் கல்லூரி ஃப்ராட்டர்னிட்டி (ஆண் மாணவர்களின் சகோதர சங்கம்) என்றதும் பலருக்கு நினைவில் வருவது தூண்கள் வைத்த பெரிய வீடு, வாசல் மேல் கிரேக்க எழுத்து, உள்ளே முப்பது நாற்பது பையன்கள் ஒன்றாகக் குடியிருக்கும் காட்சி. ஆனால் அந்த நாட்டுக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் வளாகத்தில் தங்குவதே இல்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ சொந்தக் காரிலோ வந்து, இரண்டு வகுப்பை முடித்துக்கொண்டு, நேரே வேலைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நம் ஊர் வழக்கில் சொன்னால் டே ஸ்காலர்கள்.

அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் தெற்காசிய மாணவர்களின் ஃப்ராட்டர்னிட்டி ஒன்றில் உறுப்பினராக இருந்தேன். ஆள் சேர்க்கும் பொறுப்பையும் பார்த்தேன், படிப்பு முடிந்தபின் சாப்டருக்கு (அந்த அமைப்பின் எங்கள் கல்லூரிக் கிளைக்கு) ஆலோசகராகவும் சில வருடம் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டதை, இதே வேலையை இப்போது தலையில் சுமக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "ஹாஸ்டல் இல்லாத கல்லூரியில் இதெல்லாம் நடக்காது" என்று சொல்லுவார்கள். நியூயார்க் சிட்டி காலேஜ் 1847-ல் தொடங்கியது. 1976 வரை கட்டணம் இல்லாத கல்லூரி. அதன் மாணவர் விடுதி திறந்தது 2006-ல்தான். ஆனால் டெல்டா சிக்மா ஃபை என்ற ஃப்ராட்டர்னிட்டி 1899-லும், ஃபை எப்சிலான் பை 1904-லும், சிக்மா ஆல்ஃபா மியூ 1909-லும் பிறந்தது அந்தக் கல்லூரியில்தான். மற்ற ஃப்ராட்டர்னிட்டிகளின் கதவு யூத மாணவர்களுக்குச் சாத்தியிருந்த காலம் அது. வீடு இல்லாமலேயே தங்களுக்கென ஒன்றை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

நம்மவர்களின் அமைப்புகள் வந்தது பின்னால். பிங்ஹாம்டனில் ஐயோட்டா நூ டெல்டா 1994-லும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ 1996-லும், ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை 1998-லும், யூ.சி.எல்.ஏ-வில் பீட்டா கை தீட்டா 1999-லும் தொடங்கின. இவை எல்லாமே வளாகத்தில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடங்கள். அங்கே எழுதப்பட்ட வழிமுறையை டே ஸ்காலர் கல்லூரியில் அப்படியே இறக்கினால் ஓடாது. நாங்கள் இறக்கிப் பார்த்தோம். முதல் ரஷ் (ஆள் சேர்ப்பு) நிகழ்ச்சியை வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு வைத்தோம். பீட்ஸா வாங்கி அடுக்கினோம். வந்தது நாங்கள் மட்டுமே. வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரியில் பாதி வகுப்பே கிடையாது, மதியத்துக்குப் பிறகு வண்டி நிறுத்துமிடம் காலியாகிவிடும். அது எங்களுக்கு முன்னமே தெரியும். தெரிந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் தவறு.

முதல் வேலை: இடைவேளைகளை எண்ணுங்கள்

டே ஸ்காலரிடம் மாலை கிடையாது, வார இறுதியும் கிடையாது. அவனிடம் இருப்பது இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போய்த் திரும்ப அது போதாது, சும்மா உட்கார்ந்திருக்கவோ அதிகம். காரில் தூங்குவான், நூலகத்தில் போனைப் பார்ப்பான். இந்த ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் ஃப்ராட்டர்னிட்டி ஹவுஸ். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே ஒரு தாள் போடுங்கள். ஒவ்வொரு பிரதரின் (உறுப்பினரின்) வகுப்பு நேரம், வேலை ஷிஃப்ட், எந்த ரயில், எந்தப் பஸ், எத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று எல்லாவற்றையும் திங்கள் முதல் வெள்ளி வரை அரை மணிக் கட்டங்களாக நிரப்புங்கள். எந்தக் கட்டத்தில் அதிகம் பேர் சும்மா இருக்கிறார்கள் என்பது உடனே கண்ணில் படும். பெரும்பாலும் செவ்வாய், வியாழன் நடுப்பகல்தான் நிறைந்திருக்கும். பல நகரக் கல்லூரிகள் வகுப்பே வைக்காமல் "கிளப் நேரம்" என்று ஒதுக்குவதும் அந்த வேளையைத்தான். உங்கள் கல்லூரியில் அது எப்போது என்று மாணவர் நல அலுவலகத்தில் கேட்டு, அந்த நேரத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு மேசையைப் பிடியுங்கள்

1930-களில் சிட்டி காலேஜ் கேன்டீனில் சுவரோரம் சின்னச் சின்ன மாடங்கள் இருந்தன. ஆல்கோவ் என்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மாடம். முதலாம் மாடத்தில் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகள், இரண்டாம் மாடத்தில் ஸ்டாலின் ஆதரவாளர்கள். டேனியல் பெல், இர்விங் ஹோவ், இர்விங் கிறிஸ்டல் எல்லோரும் முதலாம் மாடத்தில் வாதாடி வளர்ந்தவர்கள். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு சப்வேயில் வந்து போன பையன்கள். எப்போது போனாலும் தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்கும் என்பதுதான் அந்த மாடத்தின் பலம்.

உங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். கேன்டீனில் ஒரு மேசை போதும். இடம் மாறக் கூடாது. திங்கள் முதல் வியாழன் வரை, காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை, குறைந்தது இரண்டு பிரதர்கள் அங்கே இருக்கும்படி அந்த நேரத்தாளை வைத்து முறை போடுங்கள். ஒருவனை மட்டும் உட்கார வைக்காதீர்கள். தனியாக இருப்பவன் போனில் மூழ்கிவிடுவான், அருகில் வரவும் யாருக்கும் தோன்றாது. ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டும் நாலு சார்ஜரும் வைத்துக்கொண்டால் பாதி அறிமுகம் தானே நடக்கும். எந்தப் பேராசிரியர் எப்படிப் பாடம் நடத்துவார், கால்குலஸ் இரண்டை எந்த செமஸ்டரில் எடுப்பது நல்லது, எந்த நிறுத்துமிடம் எப்போது காலியாகும் என்று சொல்லித்தர நாலு பேர் உண்டு என்ற பெயர் வந்துவிட்டால் அந்த மேசையைத் தேடி வருவார்கள். பழைய கேள்வித்தாள்களை மட்டும் சுற்றுக்கு விடாதீர்கள். கல்லூரி விதியை மீறியதாக ஒரு புகார் வந்தால் சாப்டரையே இழுத்து மூடுவார்கள்.

பெயர்ப் பட்டியல்

எத்தனை பேர் வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். மே மாதம் ஏழு பேர் பட்டம் வாங்கிப் போகிறார்கள், வேலை, குடும்பம் என்று இரண்டு பேர் விலகக்கூடும் என்றால், இருக்கிற எண்ணிக்கையைக் காக்கவே ஒன்பது புதியவர்கள் வேண்டும். வருடத்தில் இரண்டு ரஷ் என்றால் தடவைக்கு ஐந்து பேர். இப்படி எண்ணிப் பார்த்தால் பதற்றம் குறையும். ஐந்து நல்ல பையன்களைத் தேடுவது நடக்கிற காரியம்.

பட்டியலில் பெயர் சேர்ப்பது எல்லோருடைய வேலை. ஒவ்வொரு பிரதரும் ஐந்து பெயர் எழுதட்டும்: லேப் பார்ட்னர், பகுதி நேர வேலையில் கூட நிற்பவன், அதே ரயிலில் வருபவன், கோவிலிலோ மசூதியிலோ பார்க்கிற பையன், பள்ளித் தோழனின் தம்பி. பெயருக்கு எதிரே அவனுக்கு எந்த நேரம் ஓய்வு, வேலைக்கு எங்கே போகிறான், எதில் ஆர்வம், கடைசியாக யார் பேசினார்கள், அடுத்து யார் பேச வேண்டும் என்று குறியுங்கள். கடைசி இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் அந்தப் பெயர் அங்கே இருந்து பயனில்லை.

தங்கிப் படிக்கும் கல்லூரிகளின் வழிகாட்டியில் ஏறக்குறைய இடமே பெறாத ஒரு கூட்டத்தை நீங்கள் குறிவைக்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்கு மாறி வருகிறவர்கள். இருபது இருபத்தொரு வயது, பொறுப்பானவர்கள், ஆனால் புதுக் கல்லூரியில் ஒருவரையும் தெரியாது. முதலாமாண்டுப் பையனுக்கு ஊரிலிருந்து கூட வந்த பள்ளிக்கூட நண்பர்களாவது இருப்பார்கள், இவனுக்கு அதுவும் இல்லை. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மாறி வருபவர்களுக்குத் தனி ஓரியன்டேஷன் நடக்கும். அங்கே தன்னார்வலராகப் போய் நில்லுங்கள். "இவன் இரண்டே வருடத்தில் போய்விடுவானே" என்று சில பிரதர்கள் தயங்குவார்கள். எங்கள் சாப்டரில் பட்டம் வாங்கிய பிறகும் அதிகம் உழைத்தவர்கள் இப்படி மாறி வந்தவர்களே.

ரஷ் வாரம்

ஒரே நிகழ்ச்சியை இரண்டு தடவை நடத்துங்கள்: நடுப்பகலில் ஒருமுறை, மாலை வகுப்புக்காரர்களுக்காக ஆறரை மணிக்கு ஒருமுறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை மணிக்கு முடியும் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், அதே மணிக்கு முடியுங்கள். ரயில் பிடிக்க வேண்டியவன் நடுவில் எழுந்து போகக் கூச்சப்பட்டு, வராமலேயே இருந்துவிடுவான்.

மது வேண்டாம். ஆள் சேர்ப்பு நிகழ்ச்சியில் மது கூடாது என்பது ஏறக்குறைய எல்லாத் தேசிய அமைப்புகளின் விதி. குடிக்கும் வயது இருபத்தொன்று, வருகிறவர்களில் பலர் அதற்குக் கீழ். ஆனால் டே ஸ்காலர் கல்லூரியில் இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வந்தவன் ஒவ்வொருவனும் முப்பது நாற்பது நிமிடம் காரோட்டி வீடு போய்ச் சேர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஒருவனுக்கு பிட் (சேரச் சொல்லும் முறையான அழைப்பு) கொடுக்கும் முன் குறைந்தது மூன்று பிரதர்கள் அவனைத் தனித்தனியாகச் சந்தித்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால், அந்த ஒருவர் பட்டம் வாங்கிப் போனதும் இவனும் காணாமல் போவான். மதிப்பெண் தகுதியைக் கல்லூரியிலிருந்து கேட்டுப் பெற மாணவனின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். அந்தப் படிவத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் நழுவுவது இங்கேதான். வீட்டில் தங்கிப் படிக்கும் பையனுக்கு பிட் கொடுப்பது நீங்கள், சரி சொல்ல வேண்டியது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய அப்பாவும் அம்மாவும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்கு ஆசை, அப்பா அசையவில்லை. நேரில் வந்து பேசுகிறேன் என்று போனேன். காபி கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. இது ராகிங்தானே?"

அவர் படித்தது சிதம்பரத்துப் பக்கம். 1996-ல் அங்கே ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதும், 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் அவருக்கு நேற்று நடந்தது போல இருந்தது. அந்தப் பயத்தைப் பழங்காலத்துப் பயம் என்று தள்ள முடியுமா? அமெரிக்காவில் ஹேஸிங்கில், அதாவது அந்த ஊர் ராகிங்கில், இன்றும் உயிர் போகிறது. "அங்கிள், அதைத்தான் நாங்க செய்யறதில்லை. எழுதியே கொண்டுவந்திருக்கேன், படிச்சுப் பாருங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தேன். புதியவர்களுக்கான எட்டு வாரத்தில் என்றைக்கு என்ன நடக்கும், எத்தனை மணிக்கு முடியும், யார் பொறுப்பு, பிரச்சினை என்றால் கல்லூரியில் யாரைக் கூப்பிடலாம் என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பையன் சேர்ந்தான்.

அந்தத் தாளை ஒவ்வொரு புதியவனின் வீட்டுக்கும் தயார் செய்யுங்கள். பின்பக்கத்தில் பணம்: தேசிய அமைப்புக்கு எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு, சாப்டருக்கு எவ்வளவு, சட்டைக்கு எவ்வளவு, முதல் வருட மொத்தம் எவ்வளவு. மாதத் தவணையாகக் கட்டலாமா என்பதையும் எழுதுங்கள். சேர்ந்த பிறகு புதிதாக ஒரு செலவு முளைத்தால், பெட்ரோலுக்கும் பாடப்புத்தகத்துக்கும் தானே சம்பாதிக்கும் பையன் உங்களை மறுபடி நம்ப மாட்டான்.

புதியவர்களின் வாரங்கள்

ஸீட்டா பீட்டா டாவ் என்ற ஃப்ராட்டர்னிட்டி ப்ளெட்ஜ் முறையையே (முழு உறுப்பினராகும் முன் புதியவர்களை வைக்கும் சோதனைக் காலத்தையே) 1989-ல் ஒழித்தது, சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-ல் ஒழித்தது. உங்கள் தேசிய அமைப்பு அந்த முறையை வைத்திருந்தாலும் அதை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்க மத்தியச் சட்டப்படி, ஹேஸிங் சம்பவங்களைக் கல்லூரிகள் தங்கள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்க்க வேண்டும், விதி மீறியதாக முடிவான மாணவர் அமைப்புகளின் பெயரையும் பொதுவில் வெளியிட வேண்டும். பெற்றோர் இனி அதைத் தேடிப் படிப்பார்கள்.

புதியவனுக்கு மூத்த பிரதர் ஒருவரைத் துணையாக்கி அண்ணன்-தம்பி ஜோடி போடும்போது குணம் பொருந்துகிறதா என்று பார்ப்பது வழக்கம். நாங்கள் வழித்தடத்தைப் பார்த்தோம். ஒரே ரயில், ஒரே நெடுஞ்சாலை, ஒத்துப்போகும் வகுப்பு நேரம். வாரத்தில் மூன்று நாள் ஒரே காரில் நாற்பது நிமிடம் போய்வருகிற இருவருக்குப் பேச எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. நாங்கள் செய்த மாற்றங்களில் அதிகம் பலித்தது இதுதான்.

வாராந்தரக் கூட்டத்தை வளாகத்திலேயே கிளப் நேரத்தில் வையுங்கள். அவசர விஷயங்களுக்கு ஞாயிறு இரவு அரை மணி வீடியோ அழைப்பு போதும். ஷிஃப்ட் மாறாததால் வர முடியாதவனுக்கு அபராதம் போடாதீர்கள். கணக்கு எழுதுவது, அலும்னிக்கு (படித்து முடித்துப் போன பழைய உறுப்பினர்களுக்கு) கடிதம் தயாரிப்பது மாதிரி, போனிலேயே செய்யக்கூடிய பொறுப்பைக் கொடுங்கள்.

அலும்னி: உங்கள் கையில் இருக்கும் பெரிய வரம்

தங்கிப் படிக்கும் கல்லூரியில் பட்டம் வாங்கியவன் நாடெங்கும் சிதறிப்போவான். உங்கள் ஆள் அங்கேயே இருக்கிறான். அந்த ஊரில் வளர்ந்தவன், அந்த ஊரிலேயே வேலை பார்க்கிறான், கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அவன் வீடு. சிலர் மதிய உணவுக்கு நடந்தே வரும் தூரத்தில் இருப்பார்கள். இருந்தும் யாரும் கூப்பிடாததால் வருவதில்லை.

பட்டியலை மீட்பதிலிருந்து தொடங்குங்கள். தேசிய அலுவலகத்தில் உறுப்பினர் பதிவேடு இருக்கும். பழைய கூட்டக் குறிப்புகள், சுவரில் மாட்டிய குழுப்படங்கள், லிங்க்ட்இன் எல்லாம் உதவும். கல்லூரி தன் பதிவேட்டை உங்களிடம் தூக்கிக் கொடுத்துவிடாது. 1974-ன் மாணவர் பதிவேட்டு ரகசியச் சட்டமும், அலுவலகங்களின் சொந்த விதியும் தடுக்கக்கூடும். ஆனால் "எங்கள் கடிதத்தை நீங்களே அனுப்பித் தர முடியுமா" என்று அலும்னி அலுவலகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வருட பேட்சிலும் எல்லோரையும் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எட்டுப் பேரின் நம்பரும் அன்று மாலையே வந்துவிடும்.

முதல் வருடம் பணம் கேட்காதீர்கள். பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு, பேசிய முதல் வாயிலேயே நன்கொடை கேட்டால் அந்த உறவு அன்றோடு முடியும். முதலில் விசாரியுங்கள்: எங்கே இருக்கிறீர்கள், உங்கள் காலத்தில் எந்த மேசை, யார் உங்கள் அண்ணன். அடுத்து நேரம் கேளுங்கள், அதுவும் குறிப்பாக. "உதவி தேவைப்பட்டால் சொல்கிறோம் அண்ணா" என்றால் ஒன்றும் நடக்காது. "அக்டோபர் இரண்டாம் வியாழன் மதியம் பன்னிரண்டரைக்கு, அக்கவுன்டிங் படிக்கும் மூன்று பேருக்கு நாற்பது நிமிடம் மாதிரி நேர்காணல் எடுப்பீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்.

சந்திப்பை இரவில் வைக்காதீர்கள். முப்பத்தைந்து வயதுக்காரனுக்குக் குழந்தைகள் இருக்கும். ஞாயிறு காலை பத்தரை மணி, பூங்காவோ உணவகமோ, மனைவி மக்களோடு வரலாம் என்று எழுதுங்கள். கல்லூரியை விட்டு இரண்டு மூன்று வருடமே ஆனவர்களுக்கு இலவசமாக வையுங்கள், கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பக்கக் கடிதம். அதில் அறிவுரை வேண்டாம், பெயர்கள் வேண்டும்: யாருக்குக் கல்யாணம், யாருக்கு வேலை, யாருடைய அப்பா தவறினார். பெயர் தேடித்தான் எல்லோரும் படிக்கிறார்கள்.

பணம் கேட்கும் நாள் வந்ததும் வரிக் கணக்கைப் புரிந்துகொண்டு கேளுங்கள். சாப்டர்களும் அலும்னி சங்கங்களும் பொதுவாக 501(சி)(7) என்ற சமூகக் கிளப் வகையில் வரும். அதற்குத் தரும் பணத்துக்கு நன்கொடை வரிவிலக்கு கிடையாது. தேசிய அமைப்புகள் பல தனியாக 501(சி)(3) அறக்கட்டளை வைத்திருக்கும். அதற்குத் தருவதற்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தப் பணம் உதவித்தொகை போன்ற கல்விச் செலவுக்கே போக வேண்டும், விருந்துக்குத் திருப்பக் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் வாங்கினால் பின்னால் மனக்கசப்பு வரும். அலும்னி பணம் தனி வங்கிக் கணக்கில், இரண்டு கையெழுத்தில் இருக்கட்டும். மாணவர் ஒருவரின் சொந்தப் பணச் செயலியில் ஒரு டாலர்கூட விழக் கூடாது. வீடு வாங்கலாம் என்று உற்சாகமான அலும்னி யாராவது கிளப்புவார். டே ஸ்காலர் சாப்டருக்கு வீடு சுமைதான், அதில் குடியிருக்க ஆள் கிடைக்காது. செமஸ்டருக்கு இரண்டு பேருக்குப் புத்தகச் செலவுக்கான உதவித்தொகை என்பதே என் தேர்வு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். திரும்ப வரும் அலும்னியில் ஒருவராவது "எங்க காலத்துல இதெல்லாம் தாங்கினோம், இந்தப் பசங்களும் தாங்கட்டும்" என்று தொடங்குவார். வயதுக்கு மரியாதை கொடுத்து, "அண்ணா, அது இங்க நடக்காது" என்று சொல்லிவிட வேண்டியது ஆலோசகரின் கடமை. சாப்டர் தலைவன் பத்தொன்பது வயதுப் பையன், அவனை இந்தச் சண்டையில் தனியே விடாதீர்கள். அந்த அலும்னி கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

மே மாதத்தில் செய்ய வேண்டியது

பட்டமளிப்புக்கு முந்தைய வாரம், போகிற ஒவ்வொருவனையும் மேசைக்கு அழைத்து ஒரு படிவம் நிரப்பச் சொல்லுங்கள்: கல்லூரி தந்தது அல்லாத மின்னஞ்சல், போன் நம்பர், பெற்றோர் வீட்டு முகவரி, சேரப்போகும் வேலை, எந்தப் படிப்புக்காரத் தம்பிகளுக்கு வழிகாட்ட முடியும், பகலில் எப்போது கூப்பிடலாம். கல்லூரி மின்னஞ்சல் மூடிவிடக்கூடும், வாடகை வீடு மாறும், அப்பா அம்மா வீடு அவ்வளவு சீக்கிரம் மாறாது. படிவத்தை வாங்கி வைப்பவன் அடுத்த வருடத்து ஆள் சேர்ப்புப் பொறுப்பாளனாக இருக்கட்டும். செப்டம்பரில் புதியவன் ஒருவன் மேசைக்கு வந்து "சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன், இங்கே யாரையும் தெரியாது" என்று சொல்லும்போது, அந்தத் தாளைப் புரட்டி ஒரு நம்பரைக் கூப்பிட்டு, போனை அவன் கையில் கொடுக்க வேண்டியவன் அவன்தான்.